பனிக்கு மேல் நிற்கும் செடி

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்திலே மலைகளைப் பனி மூடியதும் மான் கூட்டங்கள் தாழ்நிலத்துக்கு இறங்கும். எல்க் என்னும் பெருமான் குளம்பாற் பனியைக் கிளறிப் புல் மேயும். (நேயர்கள் அறிந்த மரையையும் ஆங்கிலேய வேட்டைக்காரர் எல்க் என்றே அழைத்தனர், இது வேறினம்.) சிறிய மானுக்கு ஆழ்ந்த பனியில் அது இயலாது, பனிக்கு மேல் தலைநீட்டும் சேஜ்பிரஷ் புதரே அதற்கு உயிர்.

அத்தகைய தாழ்நிலங்கள் பலவற்றின் அடியிலேதான் நிலக்கரியும் உண்டு. தோண்டியவரே நிலத்தை மீட்டுக் கொடுக்கவேண்டும் என்னும் சட்டத்தில் ஜனாதிபதி கார்ட்டர் 1977 ஆகஸ்ட் 3ஆம் நாள் கையொப்பமிட்டார். சுரங்கக்காரர் மண்ணை நிரவிப் புல் விதைத்தனர். புல் விரைந்து முளைத்தது, பார்வைக்குப் பசுமைதான். பனிக்காலத்திலோ அப்பசுமை பனியின் அடியிலே கிடந்தது.

1996இல் வயோமிங் அரசின் விதி செடியையே எண்ணிற்று. மீட்கப்படும் நிலத்தில், விதிக்கு உட்பட்ட பகுதியின் நூற்றுக்கு 20 பங்கிலேனும் சதுர மீற்றருக்குச் சராசரி ஒரு புதர் நிற்கவேண்டும் என்றது. சொல்வது எளிது. சேஜ்பிரஷ் விதை தூசிபோல் நுண்ணியது. ஆழப் புதைந்தால் முளையாது, புல் நெருக்கினால் நலியும். முளைத்தது மானுக்கு இரையாகப் பல ஆண்டுகள் செல்லும். அதுவரை, சுரங்கம் தீண்டாத அயல்நிலமே மந்தைக்குப் புகலிடம்.