கண்ணாடிக்குள் உயிர்த்த முருகைக்கல்

உலகின் புகழ்பெற்ற மீன்காட்சிச்சாலைகளில் வண்ண மீன்களைப் பார்த்து வியந்து நின்ற நம் பாட்டன் காலத்து மனிதர்கள், அந்த மீன்களுக்குப் பின்னால் வெள்ளை வெளேரென்று கிளைபரப்பி நின்ற கொம்புகள் வெறும் எலும்புக்கூடுகள் என்பதைப் பெரும்பாலும் அறிந்திருக்கமாட்டார்கள். கடலிலிருந்து பெயர்த்து, உயிர்ச்சதை அழுகிப் போகுமட்டும் வைத்திருந்து, கழுவி வெயிலில் உலர்த்தித் தொட்டிக்குள் நட்டுவைத்தவை அவை. மீன் உயிரோடிருந்தது, மேடை பிணமாயிருந்தது.

இலங்கையில் நாம் முருகைக்கல் என்றும் தமிழகத்தார் பவளப்பாறை என்றும் சொல்வது கல்லுமல்ல, பாறையுமல்ல. பொலிப்பு எனப்படும் சின்னஞ்சிறு விலங்குகள் கூடிவாழும் குடியிருப்பு அது. தம் காலடியில் அவை சுரக்கும் கல்சியம் காபனேற்றே நாம் காணும் கல். எங்கள் தென்மேற்குக் கரையில் தலைமுறை தலைமுறையாக அதை வெட்டிச் சூளையிலிட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். அதை விலங்கென்று பார்க்கும் கண் நமக்கு மட்டுமல்ல, எவருக்குமே எளிதில் வாய்க்கவில்லை.

கடலுயிர்களைக் கண்ணாடிக்குள் வைத்து ஆராயும் வழக்கத்தை, 1832 இல் சிசிலித் தீவின் மெசினா நகரில், ஜான் வில்லப்ரூ பவர் என்ற பிரெஞ்சுப் பெண்மணி தொடக்கிவைத்தார். பொதுமக்களுக்கான முதலாவது காட்சிச்சாலை 1853 இல் லண்டன் விலங்கியற் பூங்காவில் திறக்கப்பட்டது. அதற்கு உயிரினங்களைச் சேகரித்துக் கொடுத்தவர்களுள் ஒருவரான பிலிப் ஹென்றி கொஸ் மறு ஆண்டு எழுதிய நூல், நடுத்தரக் குடும்பங்களின் வரவேற்பறைகளுக்குள்ளும் தொட்டிகளைக் கொண்டுவந்தது. ஆனால் அங்கு வாழ்ந்தவை குளிர்கடலின் கடலனிமனிகளும் நண்டுகளுமே. வெப்பக்கடலின் முருகைக்கல் விலங்குகளைக் கப்பலேற்றி ஐரோப்பாவுக்கு உயிருடன் கொண்டுசேர்ப்பது அக்காலத்தில் கனவிலும் நடவாத காரியம்.

வெப்பக்கடல் மீன்களை அவற்றின் வாசலிலேயே காட்டத் துணிந்தவர்கள் வேறு இடத்தவர்கள். ஹொனலூலு நகரில் டிராம் வண்டி நடத்திய நிறுவனமொன்று, பாதையின் கடைசித் தரிப்பிடம்வரை பயணிகளை இழுப்பதற்காக 1904 இல் வைக்கிக்கி கடற்கரையில் ஒரு காட்சிச்சாலையைத் திறந்தது. பயணச்சீட்டு விற்பதற்காகப் பிறந்த அறிவியல் நிலையம்! சென்னை மெரினாவில் 1909 இல் திறக்கப்பட்ட காட்சிச்சாலைக்கு எட்கர் தேர்ஸ்டனின் முயற்சி காரணம். மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குக் குளிப்பையும் கடலுயிர்களையும் பற்றி 1890 லேயே நூல் எழுதியவர் அவர். தென்னிந்தியச் சாதிகளைப் பற்றிய தொகுதிகளுக்காக மட்டும் அவரை நினைவுகூர்வது அரைகுறையான நீதி.

முருகைக்கல் ஏன் தொட்டியில் மடிந்தது? விடையின் முதற்பாதி 1928-29 இல் கிடைத்தது. மொரிஸ் யொங் தலைமையில் அவுஸ்திரேலியாவின் லோ தீவுகளுக்குச் சென்ற பிரித்தானிய ஆய்வுக்குழு, ஓராண்டுக் காலம் அங்கேயே தங்கிப் பொலிப்புகளை ஆராய்ந்தது. பொலிப்பின் சதைக்குள் ஒருகல அல்காக்கள் குடியிருக்கின்றன. இருட்டில் அடைத்தாலும், நீர் அளவுக்கு மீறிச் சூடேறினாலும் பொலிப்பு அவற்றை வெளியேற்றி வெளிறிப்போவதை அவர்கள் கண்டார்கள். வெயிலில் உணவு தயாரித்து வீட்டுக்காரருக்கும் பங்குகொடுக்கும் குடியிருப்பாளர்கள் அந்த அல்காக்கள் என்பது பின்னர் படிப்படியாகத் தெளிவாயிற்று. காட்சிச்சாலைகளோ, பார்ப்பவருக்குத் தொட்டி பளிச்சிட வேண்டும் என்பதற்காக இருட்டறைகளாகக் கட்டப்பட்டவை. முருகைக்கல்லுக்கு அவை சிறைகளே.

விடையின் மறுபாதியைத் தந்தவர்களுள் இருவரைக் குறிப்பிட்டாக வேண்டும். நியூ கலிடோனியாவின் நூமெயா நகரில் றெனே கட்டாலா 1956 இல் திறந்த காட்சிச்சாலையில், கடலிலிருந்து நேரே பாய்ந்த வடிகட்டாத நீரில் முருகைக்கற்கள் உயிருடன் நிலைத்தன. புறஊதா ஒளி பட்டபோது அவற்றுட் சில பச்சையாகவும் சிவப்பாகவும் ஒளிர்ந்ததை அவர் உலகுக்கு அறிவித்தார். மற்றவர் இந்தோனேசியாவைச் சேர்ந்த லீ சின் எங். பட்டதாரி விஞ்ஞானியல்லாத ஆர்வலர். பொறிகளை நம்பாமல், நுண்ணுயிர்களோடு கூடிய கடற்பாறைத் துண்டுகளையும் காற்றுக் குமிழிகளையும் வெயிலையும் கொண்டே தொட்டியைச் சுத்தமாக வைத்திருக்கும் முறையை 1961 இல் அமெரிக்கச் சஞ்சிகையொன்றில் எழுதினார். இன்று உலகெங்கும் 'உயிர்ப்பாறை' என்று பணம் கொடுத்து வாங்குகிறார்கள். அந்த மனிதரின் பெயரைச் சொல்வோர் சிலரே.

பின்னர் வேகம் பிடித்தது. 1980 இல் வோஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் வோல்ட்டர் அடே, கடலிலிருந்து வெகுதொலைவில், செயற்கை அலையுடன் ஒரு முருகைத்தொடரை இயங்கவைத்தார். நீரைச் சுத்திகரித்தவை அல்காக்களே. 1987 இல் அவுஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் நகரில் 25 இலட்சம் லீற்றர் கொள்ளளவுள்ள தொட்டி அதே வழியில் அமைந்தது.

ஆயினும் இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விடுவது முறையல்ல. காட்சிக்கு வைக்கப்பட்ட கடல்மீன்களில் பெரும்பாலானவை வளர்க்கப்பட்டவையல்ல, பிடிக்கப்பட்டவை. நம் கரைகளில் சுழியோடிகள் பயன்படுத்திய 'மொக்சி' வலை, முருகைக்கல்லின் மேல் போர்த்தி, அதை உடைத்து மீனை வெளியே துரத்துவதற்கானது. தொலைநாட்டுத் தொட்டியொன்றை அலங்கரிக்க இங்கே ஒரு குடியிருப்பு நொறுங்கியது.

1998 இல் யொங் குழுவினர் கண்ட அதே வெளிறல் கடலளவில் நிகழ்ந்தது. இந்து சமுத்திரம் சூடேறியது. கண்ணாடி அடித்தளப் படகுகளில் பார்க்கப்பட்ட ஹிக்கடுவையின் முருகைக்கற்களில் பெரும்பகுதி வெளிறி மடிந்தது. காட்சிச்சாலைகளின் வேலையும் அதன்பின் மாறத் தொடங்கியது. லண்டன் ஹோர்னிமன் அருங்காட்சியகத்தில் ஜேமி கிராக்ஸ் குழுவினர், வெப்பக்கடலின் பருவங்களையும் பகலின் நீளத்தையும் நிலவின் வளர்பிறை தேய்பிறைகளையும் கணினியால் தொட்டிக்குள் போலிசெய்து, முருகைக்கற்களைக் குறித்த காலத்தில் முட்டையிட வைத்தார்கள். 2017 இல் அந்த முறையை வெளியிட்டார்கள்.

அமெரிக்காவின் புளோரிடாக் கரையில் 2014 முதல் பரவிய நோய், தூண் வடிவ முருகைக்கல்லை ஏறக்குறைய முற்றாக அழித்தது. ஆண் குடியிருப்பும் பெண் குடியிருப்பும் வெவ்வேறாக உள்ள இனம் அது. எஞ்சியவை ஒன்றுக்கொன்று வெகுதூரத்தில் நின்றதால் கடலில் கருக்கட்டலுக்கு வழியில்லை. மீட்டுவந்தவற்றைத் தொட்டியில் வளர்த்த புளோரிடா மீன்காட்சிச்சாலையினர், 2019 ஓகஸ்ட்டில் லண்டன் முறையைப் பயன்படுத்தி அவற்றை முட்டையிடவைத்தார்கள். 2023 கோடையில் அந்தக் கடல் மீண்டும் கொதித்தபோது, சுழியோடிகள் மான்கொம்பு முருகைக்கற்களை அவசரமாகப் பெயர்த்தெடுத்துக் கரையிலுள்ள தொட்டிகளுக்குக் கொண்டுசென்றார்கள்.