பொய்க்காலும் மெய்வாழ்வும்

சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில் மாதவி ஆடியனவாகக் கூறப்படும் பதினோராடல்களுள் மரக்காலாடலும் ஒன்று. அவுணர் பாம்பும் தேளுமாய் வடிவெடுத்து வர, கொற்றவை மரக்கால் பூண்டு அவற்றை உழக்கி அழித்தாள் என்பது அதற்கு வழங்கும் கதை. தஞ்சை வட்டாரத்துப் பொய்க்கால் குதிரையாட்டத்தையும் நாம் அறிவோம். தெய்வத்துக்கும் கூத்தனுக்கும் மரக்கால் பூட்டிப் பார்த்த நமது மரபு, காலிழந்த குடியானவனுக்கு அதைப் பூட்டிய செய்தியை எங்கே சொல்கிறது? நான் கற்ற அளவில் அத்தகைய பாட்டொன்றைக் கண்டிலேன்.

வடமொழியில் ஒரு குறிப்பு உண்டு. போரில் காலிழந்த விஷ்பலா என்பவளுக்கு அசுவினி தேவர் உலோகக் கால் ஒன்று அளித்தனர் என்று இருக்கு வேதம் கூறும். அவள் பெண்ணே அல்லள், பந்தயக் குதிரை என வாதிடும் ஆராய்ச்சியாளரும் உளர். அவ்வழக்கை அவர்களிடமே விட்டுவிடலாம். நாம் நோக்க வேண்டியது அந்தக் கால் எதற்காக அளிக்கப்பட்டது என்பதையே. மீண்டும் களத்தில் ஓடுவதற்காக அது அளிக்கப்பட்டது. பின்வந்த நூற்றாண்டுகளிலும் செயற்கைக் கால் பெரும்பாலும் படைக்கலச் சாலையின் பக்கத்து வீட்டிலேயே பிறந்திருக்கிறது.

பதினாறாம் நூற்றாண்டில் முழங்கால் மடங்கும் கால்களை வகுத்த பிரெஞ்சு வைத்தியர் அம்புருவாஸ் பாரே ஒரு படை வைத்தியர். 1815ஆம் ஆண்டு வாட்டர்லூவில் காலிழந்த ஆங்கிலேயப் பிரபு ஒருவர், இலண்டனில் ஜேம்ஸ் பாட்ஸ் என்னும் கைவினைஞர் வகுத்திருந்த மரக்காலை அணிந்தார். உருக்கு முழங்காலும், பாதத்தை அசைக்கும் நரம்புக் கயிறுகளும் கொண்ட அக்காலுக்கு, அவர் பின்னர் பெற்ற பட்டத்தை ஒட்டி 'ஆங்கில்சி கால்' என்ற பெயர் வழங்கலாயிற்று. செய்தவனின் பெயர் மறைந்தது. அணிந்தவனின் பெயர் நிலைத்தது. அதே களத்தில் காலிழந்த சாதாரண சிப்பாய்க்கு வாய்த்தது வெறும் முளைக்கட்டை. முதலாம் உலக யுத்தத்தில் பிரித்தானியப் படையினர் மட்டும் ஏறத்தாழ 41,000 பேர் கையோ காலோ இழந்தனர். 1915இல் இலண்டனுக்கு அண்மையில் ரோஹாம்டன் வைத்தியசாலை எழுந்ததும், செயற்கை உறுப்பு ஒரு கைத்தொழிலாக வளர்ந்ததும் அதன் பயனே.

அந்த வளர்ச்சியில் உருவான கால் எத்தகைய மனிதனை மனங்கொண்டு செய்யப்பட்டது? சப்பாத்து அணிபவன், நாற்காலியில் அமர்பவன், மேசையில் உண்பவன், செப்பனிட்ட வீதியில் நடப்பவன்: அவனே அதன் அளவுகோல். 1950களில் அமெரிக்காவில் உருவான திண்மக் கணுக்கால் பாதமும் சப்பாத்துக்குள் இருப்பதற்காகவே வகுக்கப்பட்டது. நிலத்திலிருந்து உண்பவனுக்கும், குந்தியிருந்து மலங்கழிப்பவனுக்கும், சேற்றில் இறங்கி நாற்று நடுபவளுக்கும் அது எவ்வாறு உதவும்?

இக்கேள்வி எழுந்த இடம் இராஜஸ்தானத்து ஜெய்ப்பூர். அங்குள்ள சவாய் மான்சிங் வைத்தியசாலையின் எலும்பு வைத்தியர் பி. கே. சேத்தி, தாம் பொருத்தியனுப்பிய கால்களைக் கழற்றி வைத்துவிட்டு நோயாளர் மீண்டும் ஊன்றுகோலுடன் நடப்பதைக் கண்டார். அதே வைத்தியசாலையில் நோயாளருக்குக் கைத்தொழில் கற்பித்து வந்தவர் ராம் சந்திர சர்மா. உயர்கல்வி பெறாதவர், ஆயின் மரத்தையும் உலோகத்தையும் கையால் அறிந்தவர். சைக்கிள் ரயர் பழுதாகிக் கடையொன்றில் காத்து நின்றபோது, லொறி ரயருக்கு இறப்பர் வார்ப்பதைக் கண்டு அவருக்கு வழி புலப்பட்டது என்பர். 1968ஆம் ஆண்டளவில் இருவரும் ஏனைய வைத்தியரும் சேர்ந்து உருவாக்கிய பாதத்தின் உள்ளே, கணுக்காலுக்கு மரக்கட்டையும் குதிக்கும் முன்பாதத்துக்கும் பஞ்சு இறப்பரும் உண்டு. இவற்றைப் போர்த்தி, அச்சில் இட்டு வேகவைத்த இறப்பர் மனிதத் தோலின் நிறத்தை ஒத்தது. சப்பாத்து வேண்டாம், நீரில் நனையலாம், குந்தலாம், மரமேறலாம். சேத்தி அதற்குக் காப்புரிமை பெறவில்லை. எந்தப் பட்டறையிலும் எவரும் செய்யட்டும் என்று விட்டமை, இலாபமே மருத்துவத்தின் உயிர் என்று நம்புவோர் சிந்திக்க வேண்டியதொன்று.

எனினும் முதல் ஏழு ஆண்டுகளில் அறுபது பேருக்கும் குறைவானவர்களே அக்காலைப் பெற்றனர். 1975இல் டி. ஆர். மேத்தா தொடங்கிய பகவான் மகாவீர் விகலாங்க சகாயதா சமிதி இலவசமாக வழங்கத் தொடங்கிய பின்னரே அது இலட்சக்கணக்கானோரை அடைந்தது. 1981இல் மகசேசே விருது சேத்திக்குக் கிடைத்தது. சர்மாவின் பெயரை அறிந்தோர் இன்றும் சிலரே. ஆங்கில்சி காலின் கதை இங்கும் ஒருவாறு திரும்பியது எனலாம்.

அதே 1981இல் திருச்சிராப்பள்ளிக்கு அருகே நிகழ்ந்த பஸ் விபத்தில் காலிழந்த நாட்டியப் பெண் சுதா சந்திரன், ஜெய்ப்பூர்க் காலுடன் 1984இல் மீண்டும் அரங்கேறினார். அவரது வரலாறு 'மயூரி' என்னும் திரைப்படமாயிற்று. போற்றுதற்குரிய வாழ்வுதான். ஆயின் அதே காலுடன் களை பிடுங்கியவளைப் பற்றி எவரும் படம் எடுக்கவில்லை.

நமது நாட்டுக்கு வருவோம். அங்கத்தை அறுக்கும் வித்தை தமிழிலே எழுதப்பட்டது இங்கேதான். மானிப்பாயில் வைத்தியம் கற்பித்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன், 1867இல் 'இரண வைத்தியம்' என்னும் நூலை வெளியிட்டார். அக்காலத்தில் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் ஏழை நோயாளரைப் பேணியவை 'பிரண்ட் இன் நீட் சொசைட்டி' எனப்பட்ட தரும சபைகள். ஆபத்துக்கு உதவும் நண்பர் என்று பொருள்படும். கொழும்புச் சபை 1831இல் தோன்றியது. கொம்பனித்தெருவில், சேர் ஜேம்ஸ் பீரிஸ் மாவத்தையில் அது 1985இல் ஜெய்ப்பூர்க் கால் பட்டறையைத் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் 1987இல் ஜெய்ப்பூர் நிலையம் தோன்றியது. ஆண்டுகளே காரணத்தைச் சொல்லிவிடும். 'மிதிவெடி' என்ற சொல் தமிழுக்கு நன்கு பழகிப்போன காலம் அது. இருதரப்பாரும் புதைத்தனர். ஆளைக் கொல்வதினும் காலைப் பறிப்பதே மிதிவெடியின் நோக்கம்: முடமானவனைச் சுமக்க இன்னும் சிலர் வேண்டுமல்லவா? விறகு பொறுக்கப் போனவளையும் மாடு தேடிப் போன சிறுவனையும் அது இனங்காணவில்லை. தெற்கும் தப்பவில்லை. யான் வாழும் தெஹிவளையின் புகையிரத நிலையத்தில், 1996 ஜூலை 24ஆம் நாள் மாலை, விடுதலைப் புலிகள் வைத்தனர் எனப்பட்ட குண்டுகள் வெடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நானூறுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். அவர்கள் வேலை முடிந்து வீடு திரும்பிய எளிய மக்கள். மிதிவெடித் தடை உடன்படிக்கை 1997இல் உருவாகியது. இலங்கை அதில் இணைந்தது 2017 டிசம்பரில்.

யுத்தம் 2009இல் முடிந்தது. கால் வெட்டுதல் முடியவில்லை. சர்க்கரை நோயால் ஆறாத புண்ணும், வீதி விபத்தும் இன்று அவ்வேலையைச் செய்கின்றன.

காலைத் 'தேர்ந்தெடுத்தல்' என்று பேசுகிறோம். உண்மையில் முதல் தேர்வை நோயாளி செய்வதில்லை. சத்திரசிகிச்சை செய்பவரின் கத்தி செய்கிறது. முழங்கால் தப்பினால் பாதி வாழ்வு தப்பியது. முழங்காலுக்கு மேல் போனால் ஒவ்வோர் அடிக்கும் செலவாகும் சக்தி மிகப் பெரிது. அடுத்தது கிண்ணம். எஞ்சிய கால் உட்காரும் கிண்ணம் பொருந்தாவிடில் பாதம் எத்துணைச் சிறந்ததாயினும் பயனில்லை. காயம் ஆறிய முதல் மாதங்களில் எஞ்சிய கால் சுருங்கும். எனவே கிண்ணமும் மாற வேண்டும். காலுறைகளை ஒன்றன்மேல் ஒன்றாய் இட்டு இடைவெளியை நிரப்புவர். நமது வெக்கையில் உள்ளே வியர்வை தேங்கும், தோல் உரியும், புண் வந்தால் காலைக் கழற்றி வைத்து நாட்கணக்கில் வீட்டிலிருக்க வேண்டும். நாட்கூலிக்காரனுக்கு அந்நாட்கள் பட்டினி நாட்கள். வளரும் பிள்ளைக்கோ ஆண்டுதோறும் கூட மாற்ற நேரும். வளர்ந்தோருக்கும் சில ஆண்டுகளில் கால் தேயும். ஒருமுறை கால் கொடுத்துப் படம்பிடித்து விட்டுச் செல்வோர், இந்த இரண்டாவது, மூன்றாவது, ஐந்தாவது காலைப் பற்றி நினைப்பதேயில்லை.

இலவசமாகப் பெறுபவனுக்குத் தேர்வு இல்லை என்பதே வேர்ப்பிரச்சினை. வயலுக்கு ஜெய்ப்பூர்ப் பாதம் ஏற்றது. அலுவலகப் படிகளில் ஏறி இறங்குபவனுக்கு இலேசான வேறொரு பாதம் ஏற்றதாகலாம். பணமுள்ளவன் இரண்டையும் வாங்கி வைப்பான். மற்றவன் அன்று அந்த நிலையத்தில் எது உண்டோ அதனோடு நடப்பான். படைவீரனுக்கு றாகமையில் படையினரின் சொந்த நிலையம் உண்டு. அங்கேயே அரச புனர்வாழ்வு வைத்தியசாலையும் இருக்கிறது. எனினும் சாதாரண குடிமகன் பெருமளவு தரும சபைகளின் கதவையே தட்டி வந்திருக்கிறான். அச்சபைகளின் தொண்டு பெரிது. ஆயினும் உரிமையாய்க் கேட்க வேண்டியதை அவன் நன்றியுடன் பெற வேண்டியவனாகிறான்.

சட்டம் இல்லாமலில்லை. வலுவிழந்தோர் உரிமைகளைக் காக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் வந்தது. கட்டடங்களை அவர்கள் அணுகத்தக்கனவாய் அமைப்பதற்கான ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. கலாநிதி அஜித் பெரேரா தொடுத்த வழக்கில், புதிய பொதுக் கட்டடங்கள் அவ்விதிகளுக்கு அமைய வேண்டுமென்று உயர் நீதிமன்றம் 2009 ஏப்பிரலில் கட்டளையிட்டது. ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இலங்கை 2016இல் ஏற்றது. காலி வீதியில் ஓடும் பஸ்களுள் பெரும்பாலானவற்றின் முதற்படி இன்றும் முழங்காலளவு உயரத்திலேதான் இருக்கிறது. செயற்கைக் காலுடன் ஏறுபவர் அதிலே நல்ல காலை முதலில் வைத்து, கம்பியைப் பற்றி உடலைத் தூக்கி முடிக்குமுன் நடத்துநர் மணியடித்து விடுகிறார்.