கிளீனர் சீட்

பேரன் செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டினான். சேற்று மைதானத்தில் ஒரு வண்டி, வரிசையாக நிறுத்திய பழைய கார்களை மிதித்து நசுக்கிவிட்டு அந்தரத்தில் பாய்ந்தது. "இத ஓட்டுறது ஒரு பொம்பள, அப்பத்தா" என்றான். மான்ஸ்டர் டிரக். ஓட்டியவர் அமெரிக்காவின் டெப்ரா மிசெலி. மதூசா என்ற பெயரில் மல்யுத்த மேடையில் இருந்தவர், பிறகு இந்த வண்டிக்கு வந்து 2005-ல் லாஸ் வேகாஸ் உலக இறுதிப் போட்டியில் பந்தயப் பட்டம் வென்றார். டயர் மட்டும் 66 அங்குல உயரம். எங்கள் அப்பாவை அதன் பக்கத்தில் நிறுத்தினால் டயர்தான் உயரம். எடை ஐந்து டன், திறன் 1,500 குதிரை.

ஐந்து டன் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பூம்பாறைப் பூண்டும் மன்னவனூர் உருளைக்கிழங்கும் ஏற்றிக்கொண்டு அப்பா மலையிறக்கிய லாரி, சட்டப்படி லோடோடு சேர்த்து 16 டன். சட்டப்படி என்று நான் எழுதுவதைப் பார்த்தால் அப்பாவும் சிரிப்பார். என்ஜினோ நூற்றுச் சொச்சம் குதிரை. அதை வைத்துக்கொண்டுதான் கொண்டை ஊசி வளைவுகளில் வடுகபட்டிச் சந்தைக்குப் பூண்டு போனது.

இந்தக் கொடைக்கானல் மலையில் பாரம் தூக்குவது பெண்களுக்குப் புதிதல்ல. 1845-ல் அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் கொடைக்கானலில் முதல் இரண்டு வீடுகளைக் கட்டியபோது வண்டிப்பாதை கிடையாது. பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பில் கிளம்பி, பத்துப் பன்னிரண்டு மைல் செங்குத்தாக ஏற வேண்டும். துரைமார் நாற்காலியில் உட்கார, நாற்காலியைக் கூலியாட்கள் தூக்கினார்கள். அந்தப் பாதைக்கே 'கூலி காட்' என்றுதான் பெயர். அந்தப் பாதையில் இருக்கிற வெள்ளக்கெவி என் அப்பத்தா பிறந்த ஊர். தலைமுறை தலைமுறையாக ரோடு இல்லாத ஊர். ஊருக்குள் செருப்பும் போடமாட்டார்கள். எலுமிச்சையும் காப்பியும் குதிரை முதுகில் இறங்கும். குதிரை இல்லாத வீட்டில் பொம்பளை தலையில் இறங்கும். அப்பத்தாவின் உச்சியில் சும்மாடு வைத்த இடத்தில் முடி வளரவே இல்லை.

வண்டிப்பாதை வந்தது வேறு பக்கத்தில். 1875-ல் ரயில் அம்மையநாயக்கனூருக்கு வந்தது; அந்த நிலையம்தான் இன்றைய கொடைரோடு. கொடைக்கானலுக்கு 80 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஸ்டேஷனுக்குக் கொடைரோடு என்று பெயர் வைத்தவர்களின் நம்பிக்கையைப் பாராட்ட வேண்டும். அதே காலத்தில் மேஜர் லா என்பவர் மலைச்சாலைக்குத் தடம் போட்டார். பணமில்லாமல் பாதியில் கிடந்த வேலை 1914 வாக்கில்தான் மேலே வந்து சேர்ந்தது. மலை தொடங்கும் ஊருக்கு 'காட்ரோடு' என்று பெயர். இங்கிலீஷ்காரர் மலைச்சாலையைச் சொன்ன சொல் அது. எங்கள் காதுக்கு அது காட்டு ரோடுதான், பொருத்தமும் கூட. அங்கிருந்து டம்டம் பாறை, ஊத்து, பெருமாள்மலை, வெள்ளி அருவி என்று ஏறிக்கொண்டே போகும். அடிவாரத்து வத்தலக்குண்டு என்றால் படித்தவர்களுக்கு எழுத்தாளர்கள் ராஜமையரும் பி.எஸ்.ராமையாவும் நினைவுக்கு வருவார்கள். எங்கள் வீட்டில் வத்தலக்குண்டு என்றால் பிரேக் சூடு ஆற நிறுத்துகிற இடம்.

பாரம் தலையிலிருந்து சக்கரத்துக்கு மாறியபோது பெண்கள் கையைவிட்டும் போயிற்று. லோடு ஏற்ற, மூட்டை தைக்க, பூண்டு ஆய பெண்கள் இருந்தார்கள். ஸ்டியரிங்கில் ஒருத்தியும் இல்லை. காரணம் கேட்டால் தோள் பலம் என்பார்கள். பவர் ஸ்டியரிங் வராத காலத்தில் ஒரு கொண்டை ஊசியைத் திருப்ப அப்பா சீட்டிலிருந்து பாதி எழுந்துவிடுவார், அது உண்மைதான். ஆனால் முப்பது கிலோ சும்மாட்டில் வைத்து வெள்ளக்கெவி ஏறியவளுக்கா தோள் பலம் போதாது?

உண்மையான காரணம் கிளீனர் சீட். அப்பா எந்தப் பள்ளியிலும் ஓட்டக் கற்கவில்லை. பதினான்கு வயதில் கிளீனராக ஏறினார். ஏற்றத்தில் வண்டி நின்றால் குதித்து ஓடிப் பின்சக்கரத்துக்குக் கட்டை போட வேண்டும். தாமதித்தால் லாரி பள்ளத்துக்குப் போகும். தார்ப்பாய் கட்ட வேண்டும், ஸ்டெப்னி மாற்ற வேண்டும், டிரைவருக்கு டீ வாங்கி வர வேண்டும், திட்டு வாங்க வேண்டும். இரவில் லோடுக்கு மேலேயே படுக்கை. நாலைந்து வருஷம் போனபின் ஒருநாள் டிரைவர் அசதியில் "நீ கொஞ்ச தூரம் புடி" என்பார். அதுதான் பாடம், அதுதான் பட்டம். லோடுமேல் படுக்கிற வேலைக்கு எந்த அப்பன் மகளை அனுப்புவான்? என் அப்பாவும் அனுப்பவில்லை.

என்ஜின் பானட்டின் மேல் சாக்கை மடித்துப் போட்டு என்னை உட்காரவைத்துக் கூட்டிப்போவார். சூடு சாக்கையும் தாண்டும். எந்த கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு. இறக்கத்தில் நியூட்ரல் போடுகிறவன் குடும்பத்துக்குச் சத்துரு. ஏறுகிற வண்டிக்கு வழிவிடு. எல்லாம் மனப்பாடம். பிரேக் லைனர் கருகுகிற வாடையை அவருக்கு முன்பே நான் பிடித்துவிடுவேன். ஒரே ஒருமுறை மரக்கடை மைதானத்தில் காலி வண்டியை ஓட்டவிட்டார். ஒரு சுற்று. இறங்கியதும், "அம்மாட்ட சொல்லாத" என்றார். இன்றைக்கும் என் லைசென்ஸில் கார் ஓட்ட மட்டும்தான் அனுமதி.

தமிழ்நாட்டு பஸ்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் டி.வி.சுந்தரம் ஐயங்காரிடமிருந்து தொடங்குவார்கள். 1912-ல் தஞ்சாவூர்-புதுக்கோட்டை பஸ் விட்டவர். அவர் மகள் சௌந்திரம் இளவயதில் கணவனை இழந்து, டில்லிக்குப் போய் மருத்துவம் படித்து, 1947-ல் எங்கள் திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தைத் தொடங்கினார். பஸ் முதலாளி மகள் டாக்டராக முடிந்தது, எம்.பி. ஆக முடிந்தது. டாக்டருக்குப் படிக்கக் கல்லூரி இருந்தது. டிரைவருக்குக் கிளீனர் சீட்டை விட்டால் வேறு வாசல் இல்லை.

அந்த வாசலைச் சுற்றிக்கொண்டு போனவர் கன்னியாகுமரி மாவட்டத்து வசந்தகுமாரி. 19 வயதில் கல்யாணம். கணவருக்கு முதல் தாரத்தில் நாலு பெண்கள், இவருக்கு இரண்டு பிள்ளைகள். கனரக வாகன லைசென்ஸ் எடுத்துக்கொண்டு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் படியேறினார். பெண்ணை எடுத்த வழக்கமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். 1989-லேயே அரசு வேலையில் பெண்களுக்கு 30 சதவீத ஒதுக்கீடு வந்தாயிற்று, ஆனால் டிரைவர் வேலைக்கும் அது பொருந்தும் என்று யாருக்கும் தோன்றவில்லை. முதலமைச்சர் ஜெயலலிதாவைப் பார்த்து மனுக்கொடுத்தார். 1993 மார்ச் 30 அன்று வேலையில் சேர்ந்தார். ஆசியாவின் முதல் பெண் பஸ் டிரைவர் என்று பத்திரிகைகள் எழுதின. நாகர்கோவில்-திருவனந்தபுரம் ரோட்டில் ஆண்களுக்கு என்ன டியூட்டியோ அதே டியூட்டி பார்த்து 2017-ல் ஓய்வு பெற்றார். எந்த டிரைவரின் "நீ கொஞ்சம் புடி"க்காகவும் அவர் காத்திருக்கவில்லை என்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன்.

லாரிக்கு வந்த பெண்கள் வேறு வழியில் வந்தார்கள். போபாலின் யோகிதா ரகுவன்ஷி சட்டம் படித்தவர். கணவர் இறந்தபின் குழந்தைகளைக் காப்பாற்ற லாரியில் ஏறினார். ஏற்றுமானூரின் ஜலஜா ரதீஷ் 2022-ல் கேரளத்திலிருந்து காஷ்மீர் வரை ஓட்டினார். சொந்த லாரி, பக்கத்து சீட்டில் கணவர். கிளீனர் சீட்டின் பிரச்சினை அங்கே வீட்டுக்குள்ளேயே தீர்ந்துவிட்டது. கெட்டிக்காரத்தனம்.

எங்கள் மலையில் நடந்ததைச் சொல்ல அதிகமில்லை. 2021-ல் பெண்களுக்கு வந்த கட்டணமில்லா பஸ் பயணம் 2024 பட்ஜெட்டில் மலைப்பகுதிகளுக்கும் அறிவிக்கப்பட்டது. அதே வருஷம் மே மாதம் சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ், நவம்பரில் 12 மீட்டருக்கு மேல் நீளமான வாகனங்களுக்குத் தடை.

தடையைப் பற்றிச் சொன்னதும் பேரன் கணக்குப் போட ஆரம்பித்தான். "மதூசா வண்டி நீளம் இருவது அடிதான் அப்பத்தா. கொடைக்கானலுக்கு விடுவாங்கள்ல?"

"நீளம் சரிடா. அகலம் பன்னெண்டு அடி. டம்டம் பாறை வளைவுல எதுக்க பஸ் வந்தா?"

யோசித்தான். "அவங்க ஏறுறாங்களா, இறங்குறாங்களா?"

"ஏறுறாங்கன்னு வச்சுக்க."

"அப்ப பஸ்ஸுதான் நிக்கணும்" என்றான்.