சங்கீத கலாநிதி

சங்கீத கலாநிதி என்பது சென்னை மியூசிக் அகாதெமி ஆண்டுதோறும் கர்நாடக இசைத் துறையினர் ஒருவருக்கு வழங்கும் பட்டம். தங்கப் பதக்கமும் பிருது பத்திரமும் இதனுடன் தரப்படுகின்றன. இது அரசு விருது அன்று. தனியார் சபை ஒன்றின் செயற்குழு கூடித் தேர்ந்தெடுப்பது. ஆனாலும் சென்னை ரசிகர்களிடையே பத்ம விருதுகளைவிட அதிக வாக்குவாதத்தைக் கிளப்புவது இந்தப் பட்டம்தான். 'இந்த வருஷம் கலாநிதி யாருக்கு?' என்ற பேச்சு டிசம்பர் இசை சீசனுக்குப் பல மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிடும்.

1927 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபையையொட்டி அகில இந்திய இசை மாநாடு ஒன்றும் நடந்தது. இசைக்கென ஓர் அமைப்பு வேண்டும் என்று அங்கே எடுக்கப்பட்ட தீர்மானத்தின் விளைவே மியூசிக் அகாதெமி. 1928 ஆகஸ்ட் 18 அன்று சர் சி.பி. ராமசாமி ஐயர் அதைத் தொடங்கிவைத்தார். முதல் தலைவர் டாக்டர் யு. ராமராவ். கச்சேரி நடத்துவது மட்டும் அதன் நோக்கமாக இருக்கவில்லை. ராக லட்சணங்களை விவாதித்து முடிவுகட்டும் வித்வத் சபையாக அது தன்னைக் கருதியது. 1929 முதல் ஆண்டு மாநாடுகள் நடந்தன; ஒவ்வொரு மாநாட்டுக்கும் வித்வான் ஒருவர் தலைமை வகித்தார். ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர், டைகர் வரதாச்சாரியார், தஞ்சை நால்வர் மரபில் வந்த பொன்னையா பிள்ளை ஆகியோர் தொடக்க காலத் தலைவர்கள். அப்போது பட்டம் எதுவும் கிடையாது, நாற்காலி மட்டுமே இருந்தது.

1942-இல்தான் அந்த நாற்காலிக்கு ஒரு பட்டம் சேர்ந்தது. மாநாட்டுத் தலைவருக்குச் சங்கீத கலாநிதி பட்டம் தருவது என அகாதெமி முடிவு செய்து, 1929 முதல் அதுவரை தலைமை வகித்தவர்களுக்கும் 1943 ஜனவரி 1 அன்று முன்தேதியிட்டு வழங்கியது. 1938-இல் தலைமை வகித்த அரியக்குடி ராமானுஜ ஐயங்கார், 1939-இல் தலைமை வகித்த முசிறி சுப்பிரமணிய ஐயர் ஆகியோர் பெயருக்கு முன்னால் இப்பட்டம் வந்தது இப்படித்தான்.

அதே ஆண்டுகளில் நகரம் இசை மொழி குறித்த ஒரு சண்டையிலும் இருந்தது. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முன்னின்ற தமிழிசை இயக்கம், மேடைகளில் தமிழ்ப் பாடல்களுக்கு உரிய இடம் கேட்டது. எழுத்தாளர் கல்கி தன் பேனாவை அதற்குக் கொடுத்தார். அகாதெமி எதிரணியில் நின்றது. 1943-இல் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. பின்னர் அது 'இசைப்பேரறிஞர்' என்ற பட்டத்தை வழங்கத் தொடங்கியது. ஒரே ஊரில், ஒரே சீசனில், இரண்டு பட்டங்கள். காலப்போக்கில் இரண்டையும் பெற்ற கலைஞர்கள் பலர் ஆனார்கள். சண்டை போட்டவர்கள் சபைக்காரர்களும் எழுத்தாளர்களுமே என்பதை இது காட்டுகிறது. தமிழில் நூற்றுக்கணக்கான கீர்த்தனைகள் இயற்றிய பாபநாசம் சிவனை அகாதெமி தலைமைக்கு அழைத்தது 1971-இல்தான்.

பட்டத்துக்குப் பின்னாலுள்ள வேலையைக் கவனித்தால்தான் தேர்வுகள் புரியும். கலாநிதியாகப் போகிறவர் டிசம்பர் இரண்டாம் பாதி முழுவதும் காலை அமர்வுகளுக்குத் தலைமை தாங்க வேண்டும். ரசிகர்கள் 'லெக்டெம்' என்று சுருக்கிச் சொல்லும் விளக்க உரைகள் அங்கே நடக்கும். ஒருவர் அருகிப்போன ராகத்தைப் பாடிக் காட்டுவார். அடுத்தவர் பழைய சுவடியோடு வருவார். கேட்பவர்களில் யாராவது எழுந்து பாடபேதம் குறித்து மடக்குவார். கடைசியில் தலைவர்தான் தொகுத்துச் சொல்ல வேண்டும். முதல் நாள் மாலை கச்சேரி கேட்டுத் தூக்கம் கெட்டிருந்தாலும் காலையில் வந்து உட்கார்ந்தே ஆக வேண்டும். ஜனவரி 1 அன்று நடக்கும் சதஸ் என்னும் பட்டமளிப்பு விழாவில்தான் பதக்கம் கைக்கு வரும். அதனால்தான் பாடகர்களோடு படிப்பாளிகளும் இந்தப் பட்டியலில் இருக்கிறார்கள்: பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான டி.எல். வெங்கடராம ஐயர் 1944-இலும், இசையியல் பேராசிரியர் பி. சாம்பமூர்த்தி 1972-இலும் பெற்றனர். செம்மங்குடி ஸ்ரீநிவாச ஐயர் 1947-இல் அந்த நாற்காலியில் அமர்ந்தபோது அவருக்கு வயது 39.

பட்டியல் யாருக்குத் தாமதமாகத் திறந்தது என்பது அதன் வரலாற்றில் முக்கியமான பகுதி. நாகஸ்வரத்துக்கு 1956-இல் முறை வந்தது. திருவீழிமிழலை சுப்பிரமணிய பிள்ளை தலைமை வகித்தார். அந்த மாநாடு கூடுவதற்குச் சில நாட்களுக்கு முன், டிசம்பர் 12 அன்று, நாகஸ்வர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளை கலாநிதி ஆகாமலேயே காலமாகியிருந்தார். மிருதங்கம் 1966 வரை காத்திருந்தது. அப்போது பாலக்காடு மணி ஐயர். பெண்களுக்கு இன்னும் நீண்ட காத்திருப்பு. முதல் மாநாடு நடந்து 39 ஆண்டுகள் கழித்து, 1968-இல் எம்.எஸ். சுப்புலட்சுமி முதல் பெண் தலைவரானார். இரண்டே ஆண்டில் டி.கே. பட்டம்மாள், 1977-இல் எம்.எல். வசந்தகுமாரி. வீணை தனம்மாளின் பேத்தி பாலசரஸ்வதி 1973-இல் பெற்றார். நாட்டியக் கலைஞர் ஒருவருக்கு இப்பட்டம் தரப்பட்டது அந்த ஒரு முறைதான். நாட்டியத்துக்கு இப்போது நிருத்ய கலாநிதி என்று தனிப் பட்டம் உண்டு. தவில் 2009-இல்தான் வந்தது, வலயப்பட்டி ஏ.ஆர். சுப்பிரமணியம் மூலம். கோயிலிலும் கல்யாணத்திலும் நாள்தோறும் கேட்கும் வாத்தியத்துக்கு 80 ஆண்டுகள் ஆயின என்பது அகாதெமிக்குப் பெருமை சேர்க்கும் கணக்கல்ல.

கிடைக்காதவர்களின் பட்டியலும் கனமானது. பாடகர் எம்.டி. ராமநாதன், புல்லாங்குழல் மாலி, வீணை எஸ். பாலசந்தர், வயலின் மேதை லால்குடி ஜெயராமன் ஆகியோர் அதில் அடக்கம். லால்குடியின் மகன் ஜி.ஜே.ஆர். கிருஷ்ணனும் மகள் விஜயலட்சுமியும் 2022-க்கான பட்டத்தைச் சேர்ந்து பெற்றார்கள். பெருந்தொற்றால் தடைபட்டிருந்த 2020, 2021 ஆண்டுகளுக்கும் அப்போதே சேர்த்து அறிவிக்கப்பட்டது.

2005 முதல் கலாநிதி பெறுபவருக்கு 'தி இந்து' நாளிதழ் எம்.எஸ். சுப்புலட்சுமி பெயரில் ரொக்க விருது ஒன்றையும் அளித்துவருகிறது. இந்த இணைப்பே 2024-இல் நீதிமன்றம் வரை சென்றது. அவ்வாண்டு மார்ச்சில் பாடகர் டி.எம். கிருஷ்ணாவின் பெயர் அறிவிக்கப்பட்டதும், பெரியாரை அவர் போற்றுவதைக் கண்டித்து பாடகியர் ரஞ்சனி–காயத்ரி சகோதரிகள் அகாதெமியின் சீசனிலிருந்து விலகினர். சித்ரவீணை ரவிகிரண் தாம் பெற்ற பட்டத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்தார். எம்.எஸ். குறித்துக் கிருஷ்ணா எழுதியவை இழிவானவை என்று எம்.எஸ்.ஸின் பேரன் வழக்குத் தொடுத்தார். சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, எம்.எஸ். பெயரிலான விருதை மட்டும் தடுத்தார். அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அந்த உத்தரவை நீக்கியது. டிசம்பர் 16 அன்று உச்ச நீதிமன்றம், எம்.எஸ். பெயரிலான விருதைப் பெற்றவராகக் கிருஷ்ணா தம்மைக் காட்டிக்கொள்ளக் கூடாது என இடைக்கால உத்தரவிட்டது. கலாநிதி பட்டத்தை எந்த நீதிமன்றமும் தொடவில்லை. அகாதெமியும் பின்வாங்கவில்லை, 2025 ஜனவரி 1 சதஸில் அது கிருஷ்ணாவுக்கு வழங்கப்பட்டது. 2025-ஆம் ஆண்டுக்கு வயலின் கலைஞர் ஆர்.கே. ஸ்ரீராம்குமார் தேர்ந்தெடுக்கப்பட்டார்.