தந்தை ரொபெர்ட்டோ பூசா: கணினியை நூல் படிக்க வைத்த ராணுவ குரு

கைப்பேசியில் ஒரு சொல்லைத் தட்டினால் போதும், அச்சொல் வரும் இடமெல்லாம் நொடியில் திரையில் வரிசையாக வந்து நிற்கிறது. திருக்குறளில் ‘அன்பு’ எங்கெல்லாம் வருகிறது என்பதை இன்று ஒரு தொடக்கப்பள்ளி மாணவரே தேடிவிடலாம். ஆனால், கணினி என்றாலே கணக்குப் போடும் இயந்திரம் என்று உலகம் நினைத்திருந்த ஒரு காலம் உண்டு. அந்தக் காலத்தில் அதை நூல்களின் பக்கம் திருப்பிய முன்னோடிகளில் ஒருவர் தந்தை ரொபெர்ட்டோ பூசா.

இத்தாலியரான இவர் போர்க்காலத்தில் ராணுவத்தினருக்கு ஆன்மிகப் பணி செய்தவர். இயேசு சபைக் குரு, தத்துவப் பேராசிரியர் ஆகிய பொறுப்புகளையும் வகித்தவர். ஒரே நூல்தொகுதிக்காக 30 ஆண்டுகளுக்கு மேல் உழைத்த இவர், மொழி ஆய்வில் கணினியைப் பயன்படுத்தும் துறையின் தந்தையரில் ஒருவராகப் போற்றப்படுகிறார்.

இளமையும் போரும்

பூசா 1913 நவம்பர் 28ஆம் தேதி வட இத்தாலியின் விச்சென்சா நகரில் பிறந்தார். 1928இல் பெல்லூனோ நகரின் குருமடத்தில் சேர்ந்தார். அங்கு அவருடன் படித்தவர்களில் அல்பினோ லூசியானியும் ஒருவர். இவரே 1978இல் போப்பாண்டவர் முதலாம் ஜான் பாலாகப் பொறுப்பேற்று, 33 நாட்களில் காலமானவர்.

1933இல் பூசா இயேசு சபையில் இணைந்தார். 1940 மே 30ஆம் தேதி குருவாகத் திருநிலை பெற்றார். அடுத்த மாதமே இத்தாலி இரண்டாம் உலகப் போரில் இறங்கியது. 1940 முதல் 1943 வரை பூசா ராணுவத்தில் துணை ஆன்ம குருவாகப் பணியாற்றினார். பின்னர் எதிர்ப்புப் படையினரிடையேயும் அதே பணியைச் செய்தார்.

பேராசிரியராகும் ஆசை அவருக்கு இருந்ததில்லை. விருப்பமா என்று சபைத் தலைவர் கேட்டபோது, கொஞ்சமும் இல்லை என்று பதில் சொன்னாராம். அப்படியென்றாலும் அதைத்தான் செய்யப் போகிறீர்கள் என்று தலைவர் முடித்துவிட்டாராம். கீழ்ப்படிதலுக்கு வாக்குக் கொடுத்த துறவிக்கு அதற்கு மேல் பேச்சில்லை. கல்லராத்தே நகரில் இருந்த இயேசு சபைக் கல்லூரியில் அவர் தத்துவம் கற்பிக்கத் தொடங்கினார்.

ஒரு சின்னஞ்சிறு சொல்

பூசாவின் முனைவர் பட்ட ஆய்வு 13ஆம் நூற்றாண்டின் இறையியலாளர் புனித தாமஸ் அக்குவினாஸ் பற்றியது. ஒன்று இன்னொன்றினுள் உறைந்திருப்பதை அக்குவினாஸ் எப்படி விளக்கினார் என்பதே கேள்வி. ‘உடனிருப்பு’ என்று பொருள்படும் லத்தீன் சொற்களை முதலில் தேடினார். விடை அங்கே கிடைக்கவில்லை. ‘இன்’ என்ற சிறு லத்தீன் சொல்லில்தான் அந்தக் கருத்து தங்கியிருந்தது.

தமிழில் ‘வீட்டில்’, ‘மனத்தில்’ என்று சொல்லும்போது வரும் ‘இல்’ உருபு செய்யும் வேலையைத்தான் லத்தீனில் அந்தச் சொல் செய்கிறது. பெரிய சொற்களுக்கு அகராதியும் அடைவும் உண்டு. இத்தகைய துணுக்குச் சொற்களை யாரும் தொகுத்து வைப்பதில்லை. ஆகவே பூசாவே உட்கார்ந்து, ‘இன்’ இடம்பெறும் வாக்கியங்களை ஒவ்வொன்றாக எழுதினார். 10,000 அட்டைகள் சேர்ந்தன. 1946இல் ஆய்வை முடித்தார்.

அதோடு அவர் மனம் அமையவில்லை. ஒரு சொல்லுக்கே இவ்வளவு பாடு என்றால், அக்குவினாஸ் எழுதிய எல்லாச் சொற்களுக்கும் தொடரடைவு செய்வது எப்படி? ஒரு நூலின் ஒவ்வொரு சொல்லும் எந்த வரியில், எந்தச் சூழலில் வருகிறது என்பதை அகர வரிசையில் காட்டும் தொகுப்பே தொடரடைவு. கையால் எழுதினால் ஓர் ஆயுள் போதாது. இயந்திரம்தான் வழி என்று முடிவு செய்தார்.

நியூயார்க் சந்திப்பு

1949இல் பூசா அமெரிக்கா சென்றார். பல பல்கலைக்கழகங்களில் விசாரித்த பிறகு, நியூயார்க்கில் ஐபிஎம் நிறுவனத் தலைவர் தாமஸ் வாட்சனைச் சந்தித்தார். இயந்திரங்களால் இது ஆகாத காரியம் என்று நிறுவனத்தின் வல்லுநர்கள் தலைவரிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தனர்.

காத்திருப்பு அறையில் ஒரு விளம்பரத் தாள் பூசாவின் கண்ணில் பட்டிருந்தது. கடினமானதை உடனே செய்வோம், முடியாததற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும் என்ற பொருளில் அந்த நிறுவனமே அச்சிட்டிருந்த வாசகம் அது. அதையே எடுத்துத் தலைவரின் மேசையில் வைத்தார் பூசா. நிறுவனத்தின் பெயரைப் பூசாவின் பெயருக்கு மாற்றிவிடக்கூடாது என்ற வேடிக்கையான நிபந்தனையுடன் வாட்சன் உதவிக்கு இசைந்தார். இந்தச் சம்பவத்தைப் பூசாவே பின்னாளில் பலமுறை கூறியிருக்கிறார்.

அட்டையிலிருந்து நாடாவுக்கு

அப்போது கிடைத்தவை இன்றைய கணினிகள் அல்ல. துளையிட்ட அட்டைகளைப் படித்து வரிசைப்படுத்தும் இயந்திரங்கள். ஐபிஎம் பொறியாளர் பால் டாஸ்மன் துணைக்கு வந்தார். நூலின் வரியை அட்டையில் துளைகளாகப் பதிய வேண்டும். அதிலிருந்து சொல்லுக்கு ஓர் அட்டையாகப் பிரித்து, அகர வரிசையில் அடுக்கி அச்சிட வேண்டும். அக்குவினாஸின் நான்கு பாடல்களுக்கு இவ்வாறு தயாரித்த மாதிரித் தொடரடைவு 1951இல் வெளிவந்தது.

முழுத் திட்டத்திற்கும் 1 கோடியே 30 லட்சம் அட்டைகள் தேவைப்பட்டிருக்கும். அவற்றை அடுக்கினால் 90 மீட்டர் நீளமும் 500 டன் எடையும் வந்திருக்கும் என்று பூசா கணக்கிட்டார். 1955 வாக்கில் காந்த நாடா வந்து கைகொடுத்தது. அதன் பிறகு 1980 வரை அவர் பயன்படுத்திய நாடாக்கள் 1,800.

சாக்கடல் அருகே குகைகளில் கண்டெடுக்கப்பட்ட பழஞ்சுருள்களுக்கும் 1950களின் இறுதியில் இதே முறை பயன்பட்டது. சுருள் சிதைந்து சொல் அழிந்த இடங்களில், முன்பின் சொற்களைக் கொண்டு விடுபட்டது எதுவாக இருக்கலாம் என்று கணிக்கவும் இயந்திரத்தின் உதவி நாடப்பட்டது.

துளையிட்ட கரங்கள்

துளையிடும் வேலையைச் செய்தவர்கள் யார் என்ற கேள்வி நெடுங்காலம் எழவே இல்லை. 1954 முதல் 1967 வரை பூசா ஒரு பயிற்சிப் பள்ளியை நடத்தினார். அங்கு சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள். அனைவருக்கும் அதுவே முதல் வேலை. ஒரு மாதச் சோதனைக்குப் பிறகு ஐந்தில் ஒருவரே தேர்வாயினர். நாளுக்கு எட்டு மணி நேரம், நான்கு பருவப் பயிற்சி. கல்லராத்தேயில் முன்பு நெசவு ஆலையாக இருந்த கட்டடமும் பின்னாளில் இவர்களின் பணியிடமானது.

தெரியாத லத்தீன் மொழியை எழுத்துப் பிசகாமல் பதித்தார்கள். எபிரேய எழுத்துக்கு மாற இரண்டு வாரப் பழக்கமே அவர்களுக்குப் போதுமாக இருந்தது. பயிற்சி முடியும் முன்பே தொழில் நிறுவனங்கள் அவர்களை வேலைக்கு அழைத்தன என்று பூசாவே பாராட்டி எழுதியுள்ளார்.

எனினும், திட்டத்தின் புகழ் பேசப்பட்ட இடங்களில் இப்பெண்களின் பெயர்கள் இல்லை. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஆய்வாளர்கள் மெலிசா டெராஸ், ஜூலியான் நைஹன் ஆகியோர் பழைய புகைப்படங்களை வைத்து இவர்களின் பங்கை வெளிக்கொணர்ந்தனர். முதுமையடைந்திருந்த சிலரை நைஹன் நேரில் பேட்டி கண்டார். உழைத்தவர் ஒரு பக்கம், பெயர் இன்னொரு பக்கம் என்ற கதை தோட்டத்தில் பால்மரம் வெட்டிய குடும்பங்களுக்குப் புதிதல்ல.

56 தொகுதிகள்

கல்லராத்தேயில் தொடங்கிய பணி பீசா, அமெரிக்காவின் போல்டர் ஆகிய ஊர்களுக்கு நகர்ந்து, வெனிஸில் நிறைவடைந்தது. ‘இன்டெக்ஸ் தோமிஸ்டிகுஸ்’ என்ற பெயரில் 56 தொகுதிகள் 1974 முதல் 1980 வரை வெளிவந்தன. அக்குவினாஸின் 118 நூல்களும், அவற்றோடு தொடர்புடைய பிற ஆசிரியர்களின் 61 நூல்களும் அதில் அடங்கும். மொத்தம் ஒரு கோடிக்கு மேற்பட்ட சொற்கள்.

இயந்திரம் உழைத்த நேரம் 10,000 மணிக்கும் குறைவு. மனிதர் உழைத்த நேரம் 10 லட்சம் மணிக்கும் அதிகம் என்பது பூசா தந்த கணக்கு. காரணம் எளிது. ‘வந்தான்’, ‘வருவாள்’, ‘வா’ மூன்றும் ஒரே வினையின் வடிவங்கள் என்பது தமிழறிந்த குழந்தைக்குத் தெரியும். இயந்திரத்திற்கு யாராவது சொல்லிக் கொடுக்க வேண்டும். ‘மாலை’ என்பது பொழுதா, பூவா என்பதையும் சூழலைப் பார்த்து மனிதரே குறிக்க வேண்டும். லத்தீனுக்கு அந்த வேலையைத்தான் பூசாவின் குழு சொல் சொல்லாகச் செய்தது. வேகம் இயந்திரத்தினுடையது, பொறுமை மனிதருடையது.

நிறைவு

1980களின் இறுதியில் தொடரடைவு குறுந்தட்டாக வந்தது. 2005 முதல் இணையத்தில் எவரும் இலவசமாகத் தேடலாம். கணினிவழி மொழி, இலக்கிய ஆய்வில் சிறந்தவர்களுக்கு 1998 முதல் பூசாவின் பெயரிலேயே அனைத்துலக விருது வழங்கப்படுகிறது. அவரது ஆவணங்கள் மிலானில் உள்ள திரு இருதய கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

காந்த நாடாவின் கண்டுபிடிப்பையே கடவுளின் இரக்கம் என்று எழுதியவர் பூசா. வழிபாட்டையும் இயந்திரத்தையும் அவர் வேறு வேறாகப் பிரித்துப் பார்க்கவில்லை. 2011 ஆகஸ்ட் 9ஆம் தேதி தமது 97ஆவது வயதில் அவர் காலமானார். கையால் அவர் எழுதிய 10,000 அட்டைகளில் தொடங்கிய பாதைதான், ஒரு மொழியின் நூல்களையெல்லாம் சொல்வாரியாகத் தேடும் இன்றைய வசதிக்கு வழிகாட்டியது. தமிழ் நூல்களைக் கணினியில் ஏற்றி, சொல் பிரித்து, பிழை திருத்திக் கொண்டிருக்கும் தன்னார்வலர்கள் இன்று செய்வதும் அதே வகை வேலைதான்.