குழலின் பின்பக்கம்: ஊவாவின் துவக்குக் கதை

ஊரவர்களுக்கு ஒரு நீண்ட பதிவு. ரீயோ கோப்பியோ ஊற்றி வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

தரம் 11 பிள்ளைகளுக்கு ஊவா வெல்லஸ்ஸக் கிளர்ச்சியைப் படிப்பிக்கும்போது ஒரு கேள்வி வந்தது. "சேர், வெள்ளைக்காரனிட்ட நல்ல துவக்கு இருந்ததாலதானே வென்றான்?" இந்தக் கேள்விக்கு நம்மில் பலர் எவ்வளவு தூரம் சுடும், எவ்வளவு வேகமாகச் சுடும் என்றுதான் பதில் சொல்வோம். அதாவது குழலின் முன்வாயைப் பார்ப்போம். துவக்கின் வரலாறு அதிகமாக நடந்தது குழலின் பின்பக்கத்தில். முன்வாய் திறந்து கிடப்பது, அதில் பெரிய வித்தை இல்லை. வெடிமருந்து எரியும்போது பின்பக்கம் பிய்த்துக்கொண்டு வராமல் நிற்க வேண்டும். பொலிஸில் பார்த்த பழைய 303 ரைபிளில் ஒரு வெடியின்போது குழலுக்குள் எழும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 18 டன்னுக்கு மேல். அது நடக்கும் இடம் சுடுபவனின் கண்ணிலிருந்து ஒரு சாண் தூரத்தில்.

போர்த்துக்கேயர் இங்கே வந்தது 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் சிங்களக் கொல்லர்கள் துவக்குக் குழல் செய்வதில் பெயர் எடுத்துவிட்டார்கள். ஒல்லாந்துப் பயணி லின்ஸ்கோட்டன் இலங்கைக் குழல்களைப் போல அழகானவை வேறெங்கும் இல்லை என்ற அளவுக்குப் புகழ்ந்து எழுதியிருக்கிறார். நம் பழைய துவக்குகளுக்குத் தனி அடையாளமும் உண்டு. பொறி பெரும்பாலும் இடது பக்கத்தில் இருக்கும், பிடியின் அடி இரண்டாகப் பிளந்து சுருண்டிருக்கும். இது ஐரோப்பியப் பொருளின் நகல் அல்ல என்பதற்கு அந்த இடதுபக்கப் பொறி ஒன்றே போதும்.

பின்பக்கத்தை அடைப்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு ஜப்பானில் ஒரு கதை சொல்வார்கள். 1543இல் தனேகஷிமா தீவுக்குப் போர்த்துக்கேயர் துவக்குடன் வந்து இறங்கினார்கள். உள்ளூர்க் கொல்லன் யைத்தா கின்பே குழலை அப்படியே செய்துவிட்டான். ஆனால் குழலின் பின்வாயைத் திருகாணி போட்டு அடைக்கும் விதம் மட்டும் அவனுக்குப் பிடிபடவில்லை. அந்தப் புரி வெட்டும் இரகசியத்துக்காகத் தன் மகளையே ஒரு போர்த்துக்கேயனுக்குக் கட்டிக்கொடுத்தான் என்பது கதை. நடந்ததோ இல்லையோ, துவக்குச் செய்யும் எந்தக் கொல்லனும் மாட்டிக்கொள்ளும் இடம் அதுதான் என்பது அந்தக் கதையில் தெரிகிறது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். 1817இல் ஊவாவில் தீப்பற்றியது. கண்டி இராச்சிய காலத்திலிருந்தே மடிகேப் பொறுப்பில் தவளமாடுகளோடு உப்பும் துணியும் கருவாடும் ஏற்றி வெல்லஸ்ஸப் பாதைகளில் நடந்தவர்கள் நம்மவர்கள். அவர்களில் ஒருவரான ஹாஜி மரிக்காரை ஆங்கிலேயர் வெல்லஸ்ஸ முஹந்திரமாக நியமித்தார்கள். உள்ளூர்ப் பிரதானிகளின் அதிகாரம் வெட்டுப்பட்டது. இதைச் சொல்லும்போது நம்மவர் சிலருக்கு ஒரு மாதிரி இருக்கும். எனக்கு அப்படி இல்லை. நியமித்தவன் நோக்கம் வேறு, நியமிக்கப்பட்டவன் தலையில் விழுந்தது வேறு. கிளர்ச்சிக்காரர் அவரைச் சிறைபிடித்தார்கள். பதுளையிலிருந்து நிலைமையைப் பார்க்கப் போன உதவி வதிவிடப் பிரதிநிதி சில்வெஸ்டர் டக்ளஸ் வில்சன் கொல்லப்பட்டார். அவர் அம்பு பட்டுச் செத்தார் என்றே சொல்லப்படுகிறது. துவக்கு வந்து 300 வருடம் ஆன நாட்டில்!

கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்டவர் ஊவா திசாவை கெப்பெட்டிபொல. சுமார் 500 பேருடன் வந்தார், மக்கள் பக்கம் சேர்ந்தார். சேருமுன் ஆங்கிலேயர் தந்த துவக்குகளையும் வெடிமருந்தையும் அவர்களுக்கே திருப்பி அனுப்பினார் என்று வரலாறு சொல்கிறது. கண்ணியம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம், சரிதான். யுத்தக் கணக்கில் அது எவ்வளவு பெரிய விலை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1818 நவம்பர் 26இல் அவர் கண்டியில் சிரச்சேதம் செய்யப்பட்டார். பின்பு வயல்கள் அழிந்தன, மக்களிடமிருந்த துவக்குகள் பறிக்கப்பட்டன. மலிவான சீமைத் துவக்கு வரவர, குழல் அடித்த பட்டறைகள் மண்வெட்டிக்கும் கத்திக்கும் திரும்பின. ஒரு கைத்தொழில் போய்ச் சேர்ந்தது.

பதுளை சென். மார்க் தேவாலயத்துக்குள் மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸின் நினைவுக்கல் இருக்கிறது. 1,400க்கும் அதிகமான யானைகளைச் சுட்டவர். 1845 ஜூன் 7ஆம் திகதி அப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். நுவரெலியாவில் அவர் கல்லறைக்கும் இடி விழுந்தது என்று ஊரில் சொல்லும் கதையை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். நான் சொல்ல வந்தது அவருடைய படைப்பிரிவைப் பற்றி. அவர் இலங்கை ரைபிள் ரெஜிமண்ட் அதிகாரி. அந்தப் படையின் பெரும்பான்மை மலே முஸ்லிம்கள். 1873இல் படை கலைக்கப்பட்டபின் அவர்களில் பலர் பொலிஸுக்கும் தோட்ட வேலைகளுக்கும் போனார்கள். பதுளையில் இன்றிருக்கும் மலே குடும்பங்களின் மூதாதையர் கதையில் இது ஒரு பெரிய பகுதி. ரொஜர்ஸ் காலத்துத் துவக்குகளில் மருந்தும் குண்டும் முன்வாயால் இடிக்கப்படும், பின்வாய் அடைப்பு நிரந்தரமானது. ஒருமுறை சுட்டால் மறுபடி இடிக்க வேண்டும். அதற்குள் யானை வந்துவிடும்.

பின்வாய் திறந்து மூடும் துவக்கு வந்ததும் பழைய பிரச்சினை புது வடிவம் எடுத்தது. போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து, தோட்டா போட்டு, முன்னுக்குத் தள்ளிப் பூட்டும் ரைபிளில் குழல் ஒரு துண்டு, போல்ட் ஓடும் உடல் வேறு துண்டு. குழல் உடலுக்குள் திருகப்படுகிறது. போல்ட்டின் முகத்துக்கும் குழலின் பின்விளிம்புக்கும் இடையில் தோட்டாவின் விளிம்பு உட்கார ஓர் இடைவெளி வேண்டும். துவக்குக்காரர் இதை ஹெட்ஸ்பேஸ் என்பார்கள். இடைவெளி குறைந்தால் போல்ட் மூடாது. கூடினால் தோட்டாவின் பித்தளை பின்பக்கமாக இழுபட்டுக் கிழியும், சூடான வாயு முகத்துக்கு வரும். பிரித்தானிய ஆயுதப் பட்டறையில் 303க்கு இரண்டு கேஜ் வைத்துப் பார்ப்பார்கள். 0.064 அங்குலக் கேஜில் போல்ட் மூட வேண்டும், 0.074இல் மூடக் கூடாது. இரண்டுக்கும் வித்தியாசம் கால் மில்லிமீற்றர். பிள்ளைகளின் அப்பியாசக் கொப்பியில் மூன்று தாளைச் சேர்த்துப் பிடித்துப் பாருங்கள், அவ்வளவுதான்.

இந்தக் கால் மில்லிமீற்றரை எப்படிப் பிடிப்பது? பழைய வழி தோள் வைப்பது. குழலின் புரி முடியும் இடத்தில் ஒரு படி விட்டுக் கடைவார்கள். திருகிக்கொண்டு போனால் அந்தப் படி உடலின் முகத்தில் முட்டி நிற்கும். ஊறுகாய்ப் போத்தல் மூடி இறுகி நிற்பதுபோல. அது நிற்கும் இடத்தில் இடைவெளியும் சரியாக இருக்க வேண்டும், முன்குறியும் நேரே மேலே நிற்க வேண்டும். அதனால் லேத்தில் நிற்பவனின் கைதான் எல்லாம். குழல் தேய்ந்து புதிதாக மாற்றினால் மறுபடி லேத்துக்காரனிடம் போக வேண்டும்.

லீ என்பீல்டிலும் குழலுக்குத் தோள்தான். வடிவமைத்த ஜேம்ஸ் பாரிஸ் லீ ஸ்கொட்லாந்தில் பிறந்து கனடாவில் வளர்ந்தவர், என்பீல்ட் லண்டனுக்கு வடக்கே தொழிற்சாலை இருந்த ஊர். அதில் ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு. போல்ட்டின் தலை தனியாகக் கழரும். இரண்டாம் உலகப் போர்க் கால 4ஆம் இலக்க ரைபிளுக்கு 0, 1, 2, 3 என்று எண்ணிட்ட தலைகள் கொடுத்தார்கள். ஒவ்வொன்றும் அடுத்ததைவிடத் தாள் கனத்துக்கும் குறைவாகத்தான் வித்தியாசப்படும். இடைவெளி கூடிவிட்டால் குழலைத் தொடத் தேவையில்லை, அடுத்த எண் தலையைப் போட்டால் போதும். உலகம் முழுக்கப் பட்டாளம் வைத்திருந்தவனுக்கு எல்லா முகாமிலும் நல்ல லேத்துக்காரன் கிடைக்க மாட்டான். அதற்குத்தான் இது.

இந்த 303 ஊவாவில் யார் கையில் இருந்தது? 1900இல் தொடங்கிய தோட்டத்துரைமார் படை, அதாவது சிலோன் பிளான்டர்ஸ் ரைபிள் கோர்ப்ஸ், வெள்ளைக்காரருக்கு மட்டுமானது. கொழுந்து பறித்தவர்களுக்கும் கவ்வாத்து வெட்டியவர்களுக்கும் துவக்கு என்பது எப்போதும் மற்றவன் பிடித்திருப்பது. 1940 ஜனவரி 10ஆம் திகதி முல்லோயா தோட்டத்தில் பொலிஸ் சூட்டில் கோவிந்தன் இறந்தார். அதே வருடம் மே மாதம் நம் பதுளை வெவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர் தங்கள் சபையைத் தாங்களே தெரிந்தெடுத்தார்கள். அங்கே போன ஆயுதப் பொலிஸாரிடமிருந்து ஆயுதங்களையும் பறித்தார்கள் என்று சமசமாஜக் கட்சி வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. துவக்கு கை மாறியது. பின்பு வெள்ளம் ஊவாவைத் துண்டித்த நாட்களில் பொலிஸ் அடக்குமுறை வேலைநிறுத்தங்களை முறித்தது. முல்லோயாவைத் தெரிந்த அளவுக்கு வெவெஸ்ஸவை நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. 1971 ஏப்ரல் 5 அதிகாலை வெல்லவாய பொலிஸ் நிலையம் தாக்கப்பட்டு அந்தக் கிளர்ச்சி தொடங்கியதும் நம் மாகாணத்தில்தான். கிளர்ச்சிக்காரர் கைகளில் பெரும்பாலும் வேட்டைத் துவக்குகளும் கையால் செய்த குண்டுகளும்.

தோளுக்கு மாற்று வழி பெரிதாகப் பரவியது அமெரிக்காவில். 1958இல் சவேஜ் கம்பனி 110 என்ற ரைபிளை வெளியிட்டது. வடிவமைத்தவர் நிக்கொலஸ் புரூவர். குழலில் தோள் இல்லை. புரியை நீளமாக வெட்டி அதில் ஒரு பெரிய நட், நம் பாடப்புத்தகத் தமிழில் சுரை, போட்டிருப்பார்கள். உள்ளே கேஜை வைத்து, போல்ட்டைப் பூட்டி, குழல் கேஜில் தொடும்வரை திருகுவார்கள். தொட்டதும் நட்டை உடலோடு இறுக்கினால் முடிந்தது. சைக்கிள் சில்லின் கோனைச் சரிபார்த்து லொக் நட் இறுக்கிய யாருக்கும் இது உடனே விளங்கும். அதே வேலைதான்.

துவக்குப் பிரியர்கள் இன்றும் இதில் சண்டை பிடிக்கிறார்கள். நட் அசிங்கம், தோள்தான் உறுதி என்பது ஒரு பக்கம். மலிவான சவேஜ் ரைபிள்கள் குறி தவறாமல் சுட்டுப் பெயர் எடுத்தன என்பது மறுபக்கம். ரெமிங்டன் 783, ரூகர் அமெரிக்கன் எல்லாம் பிறகு நட்டுக்கே வந்தன. ஒழுங்காகப் பூட்டினால் இரண்டும் தாங்கும். வித்தியாசம், திறமை எங்கே இருக்கிறது என்பதில். தோளில் அது கைதேர்ந்தவனின் கையில் இருக்கிறது. நட்டில் அது கேஜுக்குள் போய்விட்டது, சாதாரண ஆளும் குழலை மாற்றலாம். நான் நட்டின் பக்கம். அளவு ஒருவனின் கைக்குள் மட்டும் இருந்தால் அந்தக் கை போகும்போது அளவும் போய்விடும். நம் குழல் கொல்லர்களுக்கு நடந்ததும் அதுதான்.

இதையெல்லாம் இவ்வளவு நீட்டி எழுதியதற்குக் காரணம் கல்கட்டஸ். மரக்கறித் தோட்டத்துக்கும் சேனைக்கும் காட்டுப்பன்றி வருகிறது, பயிர் போகிறது, கஷ்டம் எனக்கும் தெரியும். அதற்காகக் களவாகச் செய்யும் துவக்கில் தோளும் இல்லை, நட்டும் இல்லை, கேஜும் இல்லை. தண்ணீர்க் குழாயின் பின்வாயை யாரோ ஒருவர் அடைத்திருக்கிறார். அவர் எதை அளந்தார்? அந்தக் குழாய் தண்ணீரின் அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டது. பின்பக்கம் பறந்தால் போவது சுட்டவனின் கண்ணும் விரலும். கம்பி கட்டி வைக்கும் கட்டுத்துவக்கு இன்னும் மோசம், அதில் காலை வைப்பவன் விறகுக்குப் போன பக்கத்து வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க சுடுகலன் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது, அனுமதியில்லாத துவக்குக்கு மறியல் நிச்சயம். ஆனால் நான் பயப்படுவது மறியலுக்கல்ல. யாருடைய வீட்டிலாவது, கொட்டிலிலாவது இப்படி ஒன்று இருந்தால் தொட்டுப் பார்க்காதீர்கள், சுட்டுப் பார்க்கவே வேண்டாம். கிராம சேவகரிடமோ பள்ளிவாசல் நிர்வாகத்திடமோ முதலில் ஒரு சொல் சொல்லுங்கள்.

இன்னொரு வேண்டுகோள். பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம் மலே குடும்பங்களில் யாரிடமாவது ரைபிள் ரெஜிமண்ட் காலத்துக் கடதாசி, பதக்கம், பழைய போட்டோ இருந்தால் உள்பெட்டியில் எழுதுங்கள். எடுத்துக்கொண்டு போக மாட்டேன். உங்கள் வீட்டிலேயே வைத்துப் படம் பிடித்துக்கொள்கிறேன். வெவெஸ்ஸ 1940 பற்றித் தாத்தா பாட்டி சொல்லிக் கேட்ட தோட்டத்து நண்பர்களும் எழுதுங்கள். அதைத் தனிப் பதிவாகப் போட எண்ணம்.