கொட்டகையில் பிறந்தவள்: ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படமும் மண்டபம் முகாமும்

மணிரத்னம் இயக்கத்தில் 2002இல் வெளிவந்த ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ ஆறு தேசிய விருதுகளைப் பெற்றது. ஈழப்போரின் பின்னணியில் ஒரு தத்துப்பிள்ளை தன்னைப் பெற்றவளைத் தேடும் கதை என்றே அதைப் பற்றிப் பெரும்பாலும் எழுதப்பட்டு வந்திருக்கிறது. போர், தாய்மை ஆகிய இரண்டு சொற்களுக்குள் படத்தை அடக்கிவிட்டால் அதன் நடுவே கிடக்கும் வர்க்க இடைவெளி கண்ணில் படுவதில்லை. பெற்றவளான சியாமா கடல் கடந்து வந்ததும் திரும்பிப் போனதும் போரால்தான். ஆனால் அவள் விட்டுச் சென்ற குழந்தை யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது, எந்தத் தகுதியால் சேர்ந்தது என்ற கேள்விகளுக்குப் போரில் விடை இல்லை. படம் அந்த விடையைக் காட்டவே செய்கிறது. காட்டிய கையோடு பாசத்தால் அதை மூடியும் விடுகிறது.

கதையைச் சுருக்கமாக நினைவுபடுத்திக்கொள்வோம். கர்ப்பிணியான சியாமா இராமேசுவரக் கரைக்கு அகதியாக வருகிறாள். முகாமில் பெண் குழந்தையைப் பெற்று, அதை இங்கேயே விட்டுவிட்டுக் கணவனைத் தேடித் திரும்பிச் செல்கிறாள். பொறியாளரும் எழுத்தாளருமான திருச்செல்வன் அந்தக் குழந்தையைப் பற்றிக் கதை எழுதுகிறார். பிறகு தத்தெடுக்க விரும்புகிறார். மணமாகாதவருக்குக் குழந்தையைத் தர முடியாது என்று சொல்லப்படுகிறது. அவரை நேசிக்கும் இந்திராவை மணக்கிறார். அமுதா என்ற பெயரில் வளரும் அந்தக் குழந்தைக்கு ஒன்பது வயதாகும்போது, அவள் தத்துப்பிள்ளை என்ற உண்மை சொல்லப்படுகிறது.

இங்கே சற்று நின்று பார்க்க வேண்டியது அந்தத் திருமண நிபந்தனை. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு, பராமரிப்புச் சட்டம் மணமாகாத ஆணும் தத்தெடுக்க இடம் தருகிறது. பெண் குழந்தையானால் இருவருக்கும் இருபத்தொரு வயதாவது இடைவெளி வேண்டும், அவ்வளவுதான். ஆக, படம் எழுப்பும் வாசல் சட்டத்தின் வாசல் அன்று, நடுத்தர வர்க்கத்தின் வாசல். கணவன், மனைவி, நிலையான சம்பளம், சென்னையில் வீடு, அருகிலேயே தாத்தா: இவை சேர்ந்தால்தான் குடும்பம் என்ற எண்ணம் அந்த ஒரு நிபந்தனைக்குள் இருக்கிறது. பெற்றவளுக்கு இவற்றில் ஒன்றுகூட இல்லை. கணவன் இருக்கிறானா என்பதே அவளுக்குத் தெரியாது. எனவே, பார்வையாளர் தீர்ப்புச் சொல்வதற்கு முன்பே, குடும்பம் என்ற சொல்லின் இலக்கணமே சியாமாவை வெளியே நிறுத்திவிடுகிறது.

படம் தன் முகாமுக்கு வரலாறு எதையும் தருவதில்லை. ஆனால் இராமநாதபுரக் கரையின் மண்டபம் முகாமுக்கு நீண்ட வரலாறு உண்டு. அந்த வரலாறு தொடக்கம் முதலே வர்க்க வரலாறு. ஆங்கிலேயர் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்களை நிறுத்திவைத்து, நோய் சோதித்து, தனுஷ்கோடி வழியாகத் தலைமன்னாருக்கு அனுப்பும் இடமாகவே மண்டபம் முகாம் இயங்கியது. 1964இல் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தம் தோட்டத் தொழிலாளரில் பல லட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்தது. அதே ஆண்டு டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. 1983க்குப் பிறகு மண்டபத்தின் கொட்டகைகளில் போர் அகதிகள் வந்து தங்கினார்கள். முகாம்களில் உள்ளோரில் கணிசமானோர் அந்தத் தோட்டத் தொழிலாளரான மலையகத் தமிழர் வழிவந்தவர்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கூலியாகப் போன பாட்டனைச் சோதித்து அனுப்பிய வளாகத்தில் அகதியாக வந்த பேரனின் பெயர் பதிவானது. வறுமையால் போனவரின் சந்ததி, போரால் திரும்பியபோதும் வறுமையோடுதான் திரும்பியது.

எல்லோரும் இந்தக் கரைக்கு வரவில்லை என்பதும் முக்கியம். போர் எல்லா வர்க்கத்தாரையும் துரத்தியது. கையில் பணமும் வெளிநாட்டில் உறவும் இருந்தவர்கள் லண்டன், டொரண்டோ, பாரிஸ் என்று போனார்கள். நகையை விற்றுப் படகுக்காரருக்குக் கூலி கொடுத்தவர்கள் தனுஷ்கோடியின் அரிச்சல்முனையை ஒட்டிய மணல் திட்டுகளில் இறக்கிவிடப்பட்டார்கள். எந்த நாட்டில் அகதியாவது என்பதைப் பெருமளவுக்குக் குடும்பத்தின் கையிருப்பே தீர்மானித்தது. 2022இல் இலங்கைப் பொருளாதாரம் சரிந்தபோது மீண்டும் தனுஷ்கோடிக்குப் படகுகள் வந்தன. அப்போது துரத்தியது குண்டல்ல, அரிசி விலையும் பால்மா விலையும்.

படத்தின் பிற்பகுதியில் திருச்செல்வனும் இந்திராவும் அமுதாவை அழைத்துக்கொண்டு கொழும்புக்குப் போகிறார்கள். அவர்களுக்குப் பிறந்த பையன்கள் இருவரும் வீட்டில் பத்திரமாக இருக்கிறார்கள். கொழும்பில் ஹரோல்ட் விக்ரமசிங்க என்ற சிங்கள மருத்துவர் நண்பராக நின்று உதவுகிறார். சியாமா உயிரைப் பணயம் வைத்துக் கடந்த அதே கடலை இக்குடும்பம் ஒரு பயணமாகக் கடக்கிறது. ஒரு சிறுமியின் மனக்குறையைத் தீர்க்க நாடு விட்டு நாடு போய்வர முடிகிறது என்பதே ஒரு வர்க்கத் தகுதி. முகாமில் இருப்பவரோ வெளியூர் போய்த் தங்குவதற்கும் அனுமதி கேட்க வேண்டும். கணக்கெடுப்பு நாளில் ஆள் அங்கே இருக்க வேண்டும். 2021இல் தமிழக அரசு உயர்த்தி அறிவித்த மாதாந்திரப் பணக்கொடைகூடக் குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், பெரியவர் ஒவ்வொருவருக்கும் 1,000 ரூபாய், குழந்தைக்கு 500 ரூபாய்தான்.

படம் வெளிவந்த காலத்தையே கதையின் காலமாகக் கொண்டால் அமுதா 1990களின் தொடக்கத்தில் பிறந்தவள். இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின்படி 1987 ஜூலை 1க்குப் பின் இங்கே பிறந்தவருக்குப் பிறப்பால் குடியுரிமை வேண்டுமானால் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். அமுதாவைப் பெற்ற இருவரும் இலங்கையர். பிறப்பைக் கொண்டு அவளுக்கு இந்தியக் கடவுச்சீட்டு இல்லை. அப்படியிருந்தும் அவள் விமானம் ஏறுவதை நாம் கேள்வியின்றி ஏற்கிறோம். திருச்செல்வனின் மகள் என்பதால் ஏற்கிறோம். அவளோடு அதே கொட்டகையில் பிறந்து அங்கேயே வளர்ந்த இன்னொரு பிள்ளைக்கு இப்படி ஒரு காட்சியை எழுதியிருந்தால் திரையரங்கம் நம்பியிருக்குமா?

உச்சக்காட்சியில் அமுதா தான் எழுதி வைத்திருந்த கேள்விகளைச் சியாமாவிடம் கேட்கிறாள். என்னை ஏன் விட்டுப் போனாய் என்ற ஒன்றே எல்லாக் கேள்விகளுக்கும் அடியில் இருக்கிறது. சியாமாவிடம் பதில் இல்லை. நந்திதா தாஸின் முகம் அந்த மௌனத்தைத் தாங்கும் விதம் தமிழ்த் திரையின் அரிய நடிப்புகளில் ஒன்று. ஆயினும் கேட்கும் உரிமை வசதியான வீட்டில் வளர்ந்த குழந்தைக்கும், குற்றவாளிபோல் நிற்கும் நிலை ஏழைத் தாய்க்கும் என்ற பங்கீட்டை நாம் விசாரிக்காமல் விட முடியாது. இந்தக் கரை உன் அம்மாவுக்கு என்ன கொடுத்தது என்று அமுதாவுக்குச் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. கடைசியில் அவள் இந்திராவை முத்தமிடுகிறாள். அந்த முத்தம் நியாயமானது. இந்திரா அதற்கு முழுத் தகுதி உடையவள். ஆனால் அதனால் தீர்வது வீட்டின் கணக்கு மட்டுமே.

இதே கரையைக் களமாகக் கொண்ட ‘நந்தா’ (2001), அகதிப் பெண்ணைக் கதைக்குள் கொண்டுவந்து ஊர்ப் பெரியவரின் ஆதரவில் நிறுத்துகிறது. ‘இராமேஸ்வரம்’ (2007) அகதி இளைஞனையும் உள்ளூர்ச் செல்வந்தரின் மகளையும் காதலில் இணைக்கிறது. புரவலரின் கருணை, காதல், தத்து என்று மூன்று படங்களிலும் அகதியைக் கரையேற்றுவது மேலிருப்பவரின் மனம்தான். கரையின் சொந்த வர்க்க அடுக்கோ, அதாவது படகு முதலாளியான சம்மாட்டி, முன்பணம் வாங்கிய படகுத் தொழிலாளி, தீவுகளைச் சுற்றிப் பாசி எடுக்கும் பெண்கள் என்ற உலகமோ, ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படத்தில் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்கு இந்தியக் கடவுச்சீட்டு வழங்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022இல் உத்தரவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார். அந்த 1987ஆம் ஆண்டு எல்லைக்கு முன்பே பிறந்திருந்ததால் அது நடந்தது. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளோடு நின்றுவிட்டது. இலங்கைத் தமிழருக்கு அதில் இடமில்லை. அமுதாவின் வயதொத்த முகாம் பிள்ளைகள் இன்று முப்பதைக் கடந்து, தாமும் பிள்ளை பெற்றுவிட்டார்கள். தத்தெடுக்க யாரும் வராத அவர்களுக்கு, இந்த மண்ணில் பிறந்ததையே தகுதியாகக் கொண்டு இந்தியக் குடியுரிமை வழங்கப்பட வேண்டும்.